காணிப் படம் ஏன் நீண்டு தெரிந்தது?
லினக்ஸ் கணனியில் திரையின் சரியான அளவை அமைத்தல்



நுகேகொடையில் ஹைலெவல் வீதியிலிருந்து சற்று உள்ளே, வாடகைக்கு எடுத்த ஒரு சிறு அறையில் நாம் சனிக்கிழமைகளில் கணனி வகுப்பு நடத்தி வருகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் தோட்டமும் வயலும் செய்து, இடம்பெயர்ந்து, கடைசியில் கொழும்புப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வெள்ளவத்தையிலிருந்து வருகிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து 138 ஆம் இலக்க பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் படிக்க வருகிறார்கள்; பெரியவர்கள் கடிதம் அடிக்கவும், படிவம் நிரப்பவும், ஊரிலிருந்து வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவும் வருகிறார்கள்.

அறையில் உள்ள கணனிகள் எல்லாம் பிறர் பாவித்து விட்டவை. விண்டோஸ் 10 இற்கு அதனை ஆக்கிய நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 பழைய இயந்திரங்கள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள கணனிகளையும் அலுவலகங்கள் கழித்து விடுகின்றன. அப்படி வந்தவற்றில் நாம் லினக்ஸ் மின்ட் என்ற இலவசத் தொகுதியை, அதிலும் பழைய கணனிக்குப் பாரமில்லாத எக்ஸ்.எஃப்.சி.இ. வகையை, இட்டுப் பாவிக்கிறோம். இந்தப் பாடம் அவற்றுள் ஒரு கணனியைப் பற்றியது.

ஒரு சனிக்கிழமை, அறுபது வயது கடந்த ஒரு தாயார் தம் கைத்தொலைபேசியுடன் வந்தார். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பம். அவருடைய தம்பியார் யாழ்ப்பாணத்திலிருந்து காணியின் நில அளவைப் படத்தை, நாம் எல்லோரும் பிளான் என்று சொல்வதை, படமெடுத்து அனுப்பியிருந்தார். காணிக் கோரிக்கைக் கடிதத்துடன் அதனை இணைக்க வேண்டும். அதற்கு முன் அது தமது துண்டுதானா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கடிதம் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர வேண்டியிருந்தது. தொலைபேசியில் எழுத்துச் சிறிது என்பதால் கணனியில் போட்டுக் காட்டினோம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “தம்பி, இது எங்கட காணி இல்லை” என்றார். “எங்கட துண்டு நாலு பரப்பு, நல்ல சதுரம். நாலு பக்கமும் நான் காலால அளந்து வெங்காயம் வைச்ச காணி. ஒரு பக்கம் நூறடிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இது கிழக்கு மேற்காய் நீட்டாக் கிடக்கு.”

துண்டு இலக்கத்தையும் வாசிக்க முடியவில்லை. 33 போலவும் இருந்தது, 38 போலவும் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், “அக்கா, சேவையர் பிழையா அளந்திருப்பார், இல்லாட்டி பக்கத்துக் காணியின்ர பிளானை மாறி எடுத்துப்போட்டாங்கள்” என்றார். அந்தப் பிளான் பிழை, திருத்திப் புதிதாக அளந்து தரவும் என்று கடிதம் எழுதத் தொடங்கிவிட்டோம். பாதிக் கடிதம் எழுதியாயிற்று. அப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை திரையின் மூலையைக் காட்டி, “மிஸ், அந்த வட்டப் படமும் முட்டை மாதிரித்தானே கிடக்கு” என்றாள்.

பார்த்தோம். உண்மைதான். திரையில் வட்டமாக இருக்க வேண்டிய அடையாளங்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்ட முட்டைகளாக இருந்தன. சில வாரங்களாக நாம் எல்லோரும் அதன் முன் இருந்து வேலை செய்திருக்கிறோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிளானில் பிழை இல்லை, எமது திரையில்தான் பிழை.

திரை என்பது நட்ட வயல்

கணனித் திரையை மிக அருகில் நின்று பார்த்தால் அது சிறு புள்ளிகளால் ஆனது என்பது தெரியும். வரிசை பிடித்து நட்ட வயல் போல, குறுக்கே இத்தனை, நெடுக்கே இத்தனை என்று எண்ணிக்கை நிரந்தரமாக உண்டு. தொழிற்சாலையில் அமைத்த பின் அதை மாற்ற இயலாது. எமது 19 அங்குல அகலத் திரையில் குறுக்கே 1440, நெடுக்கே 900. பெருக்கினால் 12 இலட்சத்து 96 ஆயிரம் புள்ளிகள். இதுவே அத்திரையின் சொந்த அளவு.

கணனி இந்த எண்ணிக்கைப்படி படத்தை அனுப்பினால் ஒவ்வொரு நாற்றும் தன் குழியில் போய் நிற்கும். அன்று எமது கணனி அனுப்பியதோ 1024 இற்கு 768. ஆயிரத்து இருபத்துநான்கு நாற்றை ஆயிரத்து நானூற்று நாற்பது குழியில் நடச் சொன்னால் என்ன நடக்கும்? சில குழியில் ஒன்று, சில குழியில் இரண்டு நாற்றின் பாதிப் பாதி. திரையில் அது மங்கலாகத் தெரிகிறது. ஆங்கில எழுத்தில் இந்த மங்கல் அவ்வளவு கெடுதி செய்வதில்லை. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். “ன” வும் “ண” வும் ஒன்றாகும். 3 உம் 8 உம் ஒன்றாகும். வகுப்பில் சிலர் தமக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதென்றே எண்ணியிருந்தார்கள். ஒருவர் கண்ணாடிக்குக் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தார்.

மங்கலோடு நின்றிருந்தால் காணியின் உருவம் மாறியிராது. 1024 இற்கு 768 என்பது பழைய பெட்டித் திரையின் உருவம், நான்குக்கு மூன்று. எமது திரையோ பதினாறுக்குப் பத்து. அந்தப் படத்தை இந்தத் திரை முழுவதும் இழுத்து விரித்தால் அகலம் உயரத்தைவிட 1.2 மடங்கு கூடுதலாக இழுபடும். 10 சென்ரிமீற்றர் உயரமாகத் தெரியும் சதுரம் 12 சென்ரிமீற்றர் அகலமாகத் தெரியும். நாலு பரப்புச் சதுரக் காணி நீட்டுக் காணியாக மாறியது இப்படித்தான். காலால் அளந்த அந்தத் தாயாரின் கணக்கில் ஓர் அடிகூடப் பிழையில்லை.

அட்டை இல்லாமல் வந்த மொனிற்றர்

கணனிக்குச் சரியான அளவு ஏன் தெரியாமல் போயிற்று? இதனை எமது வாசகர்கள் மற்றவர்களைவிட இலகுவாக விளங்கிக்கொள்வார்கள்.

இடம்பெயர்ந்து ஒரு முகாமுக்குப் போகும்போது முதலில் கேட்கப்படுவது குடும்ப அட்டை. அதில் எத்தனை பேர், என்ன வயது என்று இருக்கும். அதன்படி நிவாரணம் எழுதுவார்கள். வழியில் அட்டை தொலைந்தால் உங்கள் வீட்டில் எட்டுப் பேர் என்பது அலுவலருக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் பொதுவான ஆகக் குறைந்த பங்கைத் தருவார்.

மொனிற்றருக்கும் ஓர் அட்டை உண்டு. ஈ.டி.ஐ.டி. என்று அதனை அழைப்பார்கள். திரைகளுக்கான ஒழுங்குகளை வகுக்கும் வீசா என்ற அமைப்பு 1994 இல் இதனைக் கொண்டுவந்தது. (கடல் கடந்து போகும் விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அடிப்படை அட்டை 128 பைற் அளவே, இந்தப் பத்தியிலும் மிகச் சிறியது. அதற்குள் திரையை ஆக்கியவர் யார், எந்த ஆண்டு, திரையின் நீள அகலம் என்ன, சொந்தப் புள்ளி அளவு என்ன என்பவை எல்லாம் அடங்கியிருக்கும். கணனி உயிர் பெறும்போது கேபிளின் இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக அந்த அட்டையைக் கேட்டு வாசிக்கும். வாசிக்க முடியாவிட்டால், எந்தத் திரைக்கும் கேடு வராத பொதுப் பங்கான 1024 இற்கு 768 ஐயோ அதற்கும் குறைந்ததையோ கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அமைப்புப் பட்டியலில் 1440 இற்கு 900 என்ற பெயரே வராது.

ஒரு காலத்தில் இது எல்லோருக்கும் வந்த தொல்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸைத் தொடங்கிய பின் பல ஆண்டுகளாக, திரை வேண்டுமென்றால் பாவிப்பவரே மொனிற்றரின் கைநூலைப் பார்த்து எண்களைக் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுத வேண்டும். இன்று அட்டை தானாகப் பேசுவதால் அந்த வித்தை மறக்கப்பட்டுவிட்டது. பேசாதபோது மட்டும் பழைய வித்தை தேவைப்படுகிறது.

முதலில் கேபிளைப் பாருங்கள்

நாம் விட்ட தவறு இதுதான். லினக்ஸில்தான் குறை என்று எண்ணி அதனை மீண்டும் ஒருமுறை முழுதாக இட்டோம். அரை நாள் போயிற்று, பலனில்லை. பிறகு ஒரு கடையில் கேட்டோம். அவர்கள் கணனியைத் திறந்தும் பார்க்காமல், மொனிற்றர் பழசு, வேறு வாங்குங்கள் என்றார்கள். விதை வெங்காயத்துக்கென்று மகளிர் குழு சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து கடன் எடுப்பதா என்று ஒரு கூட்டமும் கூடினோம். கூட்டத்தில் ஒரு அக்கா, “வாய்க்காலைப் பார்க்காமல் கிணற்றைக் குறை சொல்லாதையுங்கோ” என்றார். அதன் பிறகுதான் கேபிளைக் கழற்றிப் பார்த்தோம்.

நீல நிறத் தலை உள்ள பழைய வி.ஜி.ஏ. கேபிளில் ஐந்து ஐந்தாக மூன்று வரிசையில் பதினைந்து ஊசிகளுக்கு இடம் உண்டு. தலையின் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். ஒடுங்கிய பக்கத்து வரிசையில் உள்ளவை 11 முதல் 15 வரை. அவற்றில் 12 உம் 15 உம் அட்டையை வாசிக்கும் கம்பிகள். அதாவது ஒரு அந்தத்தில் நிற்பது 15. மறு அந்தத்திலிருந்து இரண்டாவது 12. இவை வளைந்திருந்தாலோ உள்ளே போயிருந்தாலோ படம் வரும், நிறம் வரும், அட்டை மட்டும் வராது. 9 ஆம் ஊசி பல நல்ல கேபிள்களிலும் இல்லாமலே இருக்கும். அதைக் கண்டு கேபிளை எறிந்துவிட வேண்டாம்.

ஆகவே வேறொரு கணனியில் நன்றாக வேலை செய்யும் கேபிளை எடுத்து மாற்றிப் போடுங்கள். நடுவில் நீட்டல் கேபிளோ, ஒரு திரையை இரு கணனிக்குப் பங்கிடும் பெட்டியோ இருந்தால் கழற்றிவிட்டு நேராகப் பூட்டுங்கள். அட்டையை விழுங்குவதில் இவை பேர்போனவை. மொனிற்றரை முதலில் போட்டு, பிறகு கணனியைப் போடுங்கள். பாதிப் பேரின் கதை இத்துடன் முடிந்துவிடும். பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசா போன்ற இடங்களில் கேபிள் வாங்கும்போது மொனிற்றரின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

எமக்கு முடியவில்லை. எமது கேபிளில் 12 ஆம் ஊசி முறிந்திருந்தது. புதுக் கேபிள் போட்டும் மாற்றமில்லை, ஏனென்றால் முறிந்த துண்டு மொனிற்றரின் துளைக்குள்ளேயே இறுகியிருந்தது. ஊசி கொண்டு கிண்டினால் மற்றத் துளைகளும் கெடும் என்று விட்டுவிட்டோம். இப்படி அட்டையை மீட்க வழியில்லாதபோது என்ன செய்வோம்? அலுவலரிடம் சத்தியக் கடதாசி கொடுப்போம் அல்லவா? அதையே இங்கும் செய்யலாம்.

கணனிக்கு ஒரு சத்தியக் கடதாசி

முதலில், சொல்லப் போவது உண்மையாக இருக்க வேண்டும். மொனிற்றரின் பின்பக்கத்து இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அல்லது அதன் பொத்தானை அழுத்தி வரும் தகவல் பக்கத்தில் அதற்கு உகந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் அடிமட்டத்தால் திரையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து வகுத்துப் பார்க்கலாம். 1.25 வந்தால் அது அநேகமாக 17 அங்குலத் திரை, 1280 இற்கு 1024. 1.6 வந்தால் 19 அங்குலத்தில் 1440 இற்கு 900, 22 அங்குலத்தில் 1680 இற்கு 1050. 1.78 அளவில் வந்தால் சிறியவை 1366 இற்கு 768, 20 அங்குலம் 1600 இற்கு 900, அதற்கு மேல் பெரும்பாலும் 1920 இற்கு 1080.

ஓர் எச்சரிக்கை. தட்டைத் திரைகள் ஏற்க முடியாத அளவு வந்தால் எல்லை மீறியது என்று எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டித் திரைகள் அப்படியல்ல. பொய்யான அளவு அவற்றைப் பழுதாக்கவும் கூடும். பெட்டித் திரை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைச் செய்து பார்க்க வேண்டாம்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சுச் செய்வது நல்லது. எமது வகுப்பிலும் அப்படித்தான் செய்தோம். எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, வேறு சொல்லாத வரை. ‘ரி’ என்பது ரெலிபோனின் முதலெழுத்து, ‘டி’ என்பது டொக்டரின் முதலெழுத்து.

ரேர்மினல் என்ற கறுப்புச் சாளரத்தைத் திறவுங்கள். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு எழுத்தையும் இடைவெளியின்றி அடித்து என்ரர் விசையைத் தட்டுங்கள். இந்தக் கட்டளையை இனிமேல் எக்ஸ்ராண்டர் என்று எழுதுவோம்.

ஒரு பட்டியல் வரும். இணைந்துள்ள திரையின் வரியில் முதற் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். எமக்குப் பெரிய எழுத்தில் வி, ஜி, ஏ, பிறகு ஒரு சிறு கோடு, பிறகு 1 என்று வந்தது. உங்களுக்கு வேறு விதமாக வரலாம், வருவதையே எழுதுங்கள். அதே வரியின் கடைசியில் திரையின் நீள அகலம் மில்லிமீற்றரில் இருக்க வேண்டும். அங்கே சைபருக்குச் சைபர் என்று இருந்தால் அட்டை வரவில்லை என்பது உறுதி. முதற் சொல்லே ‘டிஃபோல்ற்’ என்று இருந்தால் நோய் வேறு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்து, சி, வி, ரி என்று அடித்து, இடைவெளி விட்டு எண்களைக் கொடுங்கள்:

சிவிரி 1440 900 60

அறுபது என்பது ஒரு செக்கனில் படம் புதுப்பிக்கப்படும் தடவை. கணனி இதற்கு விடையாக ஒரு நீண்ட எண் வரிசையைத் தரும்:

106.50 1440 1528 1672 1904 900 903 909 934

இது மந்திரம் அல்ல. உழவு மாடு சாலின் அந்தத்தில் திரும்புவதற்கு வரம்போரம் இடம் விடுவோமே, அந்தக் கணக்குத்தான். 1440 என்பது பயிர் நிற்கும் இடம். 1904 என்பது திரும்பும் இடத்தையும் சேர்த்த முழு நீளம். அப்படியே நெடுக்கே 900 உம் 934 உம். நடுவில் உள்ள எண்கள் எந்த இடத்தில் திரும்பச் சொல்லிக் குரல் கொடுப்பது என்பதற்கு. முழு நீளத்தையும் முழு உயரத்தையும் பெருக்கி, செக்கனுக்கு ஏறத்தாழ அறுபது தடவை என்று பெருக்கினால் பத்துக் கோடியே அறுபத்தைந்து இலட்சம் வரும். அதுதான் முதலில் உள்ள 106.50 மில்லியன். தட்டைத் திரைக்குள் திரும்புவதற்கு மாடு இல்லை. பெட்டித் திரைக் காலத்துப் பழக்கம் அப்படியே நிற்கிறது.

இனிச் சத்தியக் கடதாசி. மூன்று வரிகள். புதிய அளவுக்கு எந்தப் பெயரும் இடலாம்; நாம் வயல் என்று, வி, ஏ, வை, ஏ, எல் என்ற ஐந்து எழுத்தில் இட்டோம்.

எக்ஸ்ராண்டர் --நியூமோட் வயல் 106.50 1440 1528 1672 1904 900 903 909 934 -எச்சிங்க் +விசிங்க்

எக்ஸ்ராண்டர் --அட்மோட் விஜிஏ-1 வயல்

எக்ஸ்ராண்டர் --அவுட்புட் விஜிஏ-1 --மோட் வயல்

நியூமோட் என்பது என், ஈ, டபிள்யூ, எம், ஓ, டி, ஈ. அட்மோட் என்பது ஏ, டி, டி, எம், ஓ, டி, ஈ. அவுட்புட் என்பது ஓ, யூ, ரி, பி, யூ, ரி. இவற்றுக்கும் மோட் என்பதற்கும் முன்னால் இரண்டு சிறு கோடு, நடுவில் இடைவெளி இல்லை. எச்சிங்க் என்பது எச், எஸ், வை, என், சி. விசிங்க் என்பது வி, எஸ், வை, என், சி. அவற்றுக்கு முன் முறையே ஒரு கழித்தல் அடையாளமும் ஒரு கூட்டல் அடையாளமும். இவையும் சிவிரி தந்தபடியே இருக்க வேண்டும்.

முதல் வரி அளவைக் கணனிக்குச் சொல்கிறது, இரண்டாம் வரி அதை எமது மொனிற்றரின் பெயரில் பதிகிறது, மூன்றாம் வரிதான் நடைமுறைப்படுத்துகிறது. மூன்றாவதை அடிக்கும்போது திரை ஒருகணம் கறுக்கும். கறுப்பே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்கள், அந்த வரியின் முடிவில் ஓர் அரைப்புள்ளி இட்டு, எஸ், எல், ஈ, ஈ, பி என்று அடித்து, இடைவெளி விட்டு 15 போட்டு, இன்னொரு அரைப்புள்ளி இட்டு, மோட் என்பதற்குப் பின் பழைய அளவை 1024, எக்ஸ், 768 என்று சேர்த்து அதே வரியை மறுபடி அடித்துவிடலாம். பதினைந்து செக்கனில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். அல்லது கணனியை நிறுத்திப் போட்டாலும் போதும். இதுவரை செய்தது எதுவும் நிரந்தரமல்ல.

பெயர் ஏற்கெனவே உள்ளது என்ற கருத்தில் ‘பாட்நேம்’ என்று கணனி முறைப்பட்டால், முதல் வரியை இரண்டு தடவை அடித்துவிட்டீர்கள். வேறு பெயர் இடுங்கள். அளவைக் காணவில்லை என்றால் பெயரில் ஓர் எழுத்துத் தவறியிருக்கும். எமக்கு மூன்று தடவை தவறியது. வாசித்தவர் ‘டி’ என்று சொன்னதை அடித்தவர் ‘ரி’ என்று கேட்டார்.

1366 இற்கு 768 திரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சிவிரி என்ற கட்டளை அகலத்தை எட்டின் மடங்காகவே கணக்கிடும். 1366 எட்டால் வகுபடாது. ஆகையால் 1368 என்று தரும், திரையின் ஓரம் சற்று வெட்டுப்படும் அல்லது மங்கும். அதற்குப் பதிலாக இந்த எண்களை நேராகப் பாவியுங்கள்: 85.50 1366 1436 1579 1792 768 771 774 798. இரண்டு சிங்க்குக்கும் முன்னால் கூட்டல் அடையாளம்.

நிரந்தரமாக்குதல்

திரை சரியாக வந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். உங்கள் வீட்டுக் கோப்புறையில் ஒரு வெற்றுக் கோப்பை ஆக்கி மேலே சொன்ன மூன்று வரிகளையும் அப்படியே எழுதுங்கள். கோப்பின் பெயர் முதலில் ஒரு புள்ளி, பிறகு எக்ஸ், பி, ஆர், ஓ, எஃப், ஐ, எல், ஈ. புள்ளியில் தொடங்கும் கோப்பு கண்ணுக்குத் தெரியாது. கொன்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால் தெரியும். அடுத்த தடவை நுழையும்போது கணனி தானாக அந்த வரிகளை வாசித்துக்கொள்ளும். அப்படியும் பழைய அளவே வந்தால் திரை அமைப்புப் பகுதிக்குப் போங்கள். முன்பு இல்லாத அளவு இப்போது பட்டியலில் நிற்கும். தெரிவு செய்து சேமித்துவிடுங்கள்.

புதிய லினக்ஸ் வகைகள் சில வேலண்ட் என்ற வேறு முறையில் திரையை நடத்துகின்றன. அங்கே எக்ஸ்ராண்டரின் இந்த மூன்று வரி செல்லாது. நுழையும் பக்கத்தில் எக்ஸ்.ஓர்க் என்ற தெரிவு இருந்தால் அதில் நுழையலாம். இல்லாவிட்டால் கணனி தொடங்கும்போதே கேர்னலுக்கு அளவைச் சொல்லும் வழி உண்டு. அதற்கு நிருவாகியின் கடவுச்சொல்லும் சற்று அனுபவமும் வேண்டும், ஆகவே தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

‘டிஃபோல்ற்’ என்று வந்தவர்களின் கதை இதுதான். லினக்ஸை இடும்போது திரை வராவிட்டால் பாதுகாப்பான முறை என்று ஒரு தெரிவை எடுப்பார்கள். அப்போது நோமோட்செற் என்ற ஒரு சொல் தொடக்கக் கோப்பில் தங்கிவிடுவதுண்டு. அந்தச் சொல் இருக்கும்வரை படம் வரையும் சில்லு அரை உறக்கத்திலேயே இருக்கும். எந்த அளவைச் சொன்னாலும் கேளாது. அதை நீக்கி, தேவையான டிரைவரை இட்ட பிறகுதான் மற்றவை.

திரை திருந்தும்வரை கை வேலை நிற்கக் கூடாது என்பவர்களுக்கு ஒரு சிறு உபாயம். படிவச் சாளரம் திரையை விடப் பெரிதாகி, கீழே உள்ள சமர்ப்பிக்கும் பொத்தான் மறைந்துபோனால், ஓல்ற் விசையை அழுத்தியபடி சாளரத்தின் எந்த இடத்திலும் சுட்டியால் பிடித்து மேலே இழுக்கலாம். இது தெரியாமல் முழுப் படிவத்தையும் நிரப்பிவிட்டு அனுப்ப முடியாமல் எழும்பிப் போனவர்கள் எமது அறையிலேயே இருவர்.

இலவசம் என்றால் தரம் குறைவு என்று எண்ணுகிறவர்கள் உண்டு என்பதால் இதையும் சொல்லி வைக்கிறோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் காணாமற் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிய ஒரு வழி வேண்டியிருந்தது. இந்த நாட்டின் கணனித் தொண்டர்கள் சில வாரங்களில் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினார்கள். நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல் அது. பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பாவிக்கப்பட்டது; 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதைக் கட்டற்ற மென்பொருள் நிறுவனம் அதற்கு வழங்கியது. இடம்பெயர்ந்தவர்களைக் கணக்கெடுக்க ஆக்கப்பட்ட அந்த மென்பொருளும், நாம் இன்று பழைய கணனியில் இட்டிருக்கும் லினக்ஸும் ஒரே வழியில் வந்தவை.

அன்று மாலை நாலரை மணியளவில் திரை ஒருகணம் கறுத்து, பின் எழுத்தெல்லாம் சிறிதாகி, கூர்மையாகி வந்தது. முட்டைகள் வட்டமாயின. பிளானை மறுபடி திறந்தோம். அந்தத் தாயார் பேசவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்துத் திரையின் மேல் வைத்து ஒரு பக்கத்தை அளந்தார். அதே நூலைத் திருப்பி மற்றப் பக்கத்தில் வைத்தார். பொருந்தியது. இலக்கம் 38 என்று தெளிவாகத் தெரிந்தது. “இதில கிணறு, இதில பனை” என்று விரலால் காட்டினார். பிளானில் பனை குறிக்கப்படவில்லை.

பாதி எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிளானை இணைத்து வேறு கடிதம் எழுதினோம். அது திங்கட்கிழமையே போயிற்று. மூன்று வரிகளையும் ஒரு கடதாசியில் எழுதி அந்த மொனிற்றரின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறோம். கணனியை யாராவது மாற்றினாலும் மொனிற்றரோடு அது போகும்.